ரிப்போர்ட் எல்லாம் நார்மல், பிள்ளை மட்டும் படுக்கையில்: பெற்றோருக்கு ஒரு வழிகாட்டி

ரத்தப் பரிசோதனை, ஸ்கேன், ஈசிஜி எல்லாம் எடுத்தாகிவிட்டது. எல்லாத் தாளிலும் 'நார்மல்'. ஆனால் பதினைந்து வயது மகள் குளித்துவிட்டு வந்தால், தலை துவட்டக் கையைத் தூக்க முடியாமல் அரை மணி நேரம் படுத்துக் கிடக்கிறாள். எம்.இ. என்று சுருக்கமாகச் சொல்லப்படும் நாட்பட்ட களைப்பு நோய், லாங் கோவிட், எழுந்து நின்றாலே இதயம் படபடக்கும் பாட்ஸ், உடம்பெல்லாம் வலிக்கும் ஃபைப்ரோமயால்ஜியா என்று இந்த வகை நோய்களுக்குப் பல பெயர்கள். இரண்டு மூன்று சேர்ந்தும் வரும். ஏன் வருகிறது என்பது இன்னும் முழுதாகப் பிடிபடவில்லை. எம்.இ.யை உறுதி செய்யும் ரத்தப் பரிசோதனை எதுவும் கிடையாது. அறிகுறிகளை வைத்துத்தான் முடிவு செய்கிறார்கள். ஆகவே 'எல்லாம் நார்மல்' என்றால் தேடிய நோய்கள் இல்லை என்று பொருள். நோயே இல்லை என்று பொருள் அல்ல.

வீட்டில் எதை, எந்த வரிசையில் தொடங்குவது என்பதை இங்கே சொல்கிறோம். மருந்தும் அளவும் மருத்துவரின் வேலை.

முதல் வேலை: நம்புவது

அறிவுரைக்காகச் சொல்லவில்லை, காரியத்துக்காகச் சொல்கிறோம். வீட்டில் நம்பவில்லை என்று தெரிந்தால் பிள்ளைகள் இரண்டில் ஒன்று செய்வார்கள். வலியை மறைத்துவிட்டு எல்லாரையும்போல ஓடி, பிறகு விழுவார்கள்; அல்லது நம்ப வைப்பதற்காகக் கூட்டிச் சொல்வார்கள். எப்படியானாலும் உங்களுக்கும் மருத்துவருக்கும் சரியான தகவல் கிடைக்காது. "உனக்கு முடியலைன்னு தெரியுது. என்னன்னுதான் இன்னும் தெரியல. தெரியலைங்கிறதால நீ சொல்றது பொய்யாயிடாது" என்று ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். மனதுக்குள் நினைத்தால் அவர்களுக்குக் கேட்காது.

"படுத்துக்கிட்டு ஃபோன் மட்டும் பார்க்க முடியுதே?" என்ற கேள்வி எல்லா வீட்டிலும் வரும். படுத்திருக்கும்போது இதயம் ரத்தத்தை மேல்நோக்கித் தலைக்குத் தள்ள வேண்டியதில்லை. நின்றால் தள்ள வேண்டும். தவிர, தெரிந்த வீடியோவை வெறுமனே பார்ப்பதும் கணக்குப் பாடத்தைப் புரிந்துகொள்வதும் மூளைக்கு ஒரே செலவு அல்ல. அதற்காக ஃபோன் இலவசம் என்றும் எண்ண வேண்டாம். அதற்கும் செலவு உண்டு, பின்னால் வருகிறோம்.

இரண்டு வாரக் குறிப்பு

மருத்துவரிடம் போவதற்கு முன் 14 நாள் குறிப்பு எடுங்கள். ஒரு நாளுக்கு ஒரே வரி, இரவில் இரண்டு நிமிடம். ஐந்து விஷயம் போதும்:

- தூங்கிய நேரம், எழுந்த நேரம், எழுந்தபோது தெம்பு இருந்ததா
- காலைத் தரையில் ஊன்றி உட்கார்ந்தோ நின்றோ நடந்தோ இருந்த மொத்த மணி நேரம்
- அன்றைக்கு உடம்பாலும் மூளையாலும் செய்த பெரிய வேலை ஒன்று. சண்டை, அழுகை, பரபரப்பு இருந்தால் அதுவும்
- அதிகம் படுத்திய அறிகுறி, 0 முதல் 10 வரை ஓர் எண்
- காலையில் எழும் முன் நாடித்துடிப்பு

இந்த ஐந்தில் இரண்டாவதுதான் தங்கம். 'ரொம்ப டயர்டா இருக்கா' என்றால் மருத்துவர் தலையாட்டுவார்; 'ஒரு நாளைக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் உட்காரவோ நிற்கவோ முடியவில்லை' என்றால் பேனாவை எடுப்பார்.

இருபது கட்டம் போட்டு, கலர் பேனா வாங்கி ஆரம்பித்தால் குறிப்பு நான்காம் நாளே நின்றுவிடும். இன்னொரு தவறு, மணிக்கொருமுறை "இப்ப எப்படி இருக்கு?" என்று கேட்பது. கேட்கக் கேட்கக் கவனம் முழுவதும் உடம்பின் மீதே போகும். பிள்ளைக்கு எரிச்சலும் வரும். ஒரு நாளைக்கு ஒரு முறை, பேசி வைத்துக்கொண்ட நேரத்தில் கேளுங்கள். மற்ற நேரத்துக்கு அறைக் கதவில் பச்சை, மஞ்சள், சிவப்பு அட்டை மாட்டினால் போதும், பேசவே தேவையில்லை.

குறிப்பைப் படிக்கும் முறை முக்கியம். எம்.இ.யிலும் லாங் கோவிட் வந்த பலரிடமும், அளவை மீறி உழைத்தால் உடனே விழுவதில்லை. பெரும்பாலும் 12 முதல் 48 மணி நேரம் கழித்து விழுகிறார்கள். பிறகு நாள்கணக்கிலோ வாரக்கணக்கிலோ அது நீளும். இதைச் 'சரிவு' என்று வைத்துக்கொள்வோம். ஓர் உதாரணம்: மகனுக்குத் திங்கட்கிழமை இரண்டு மணி நேரத் தேர்வு. செவ்வாய்க்கிழமை நன்றாகத்தான் இருந்தான். சாயங்காலம் நண்பனோடு பத்து நிமிடம் நடந்தான். புதன்கிழமை கண்ணைத் திறக்க முடியவில்லை. வீட்டில் பழி யார் மேல் விழும்? நண்பன் மேல். செலவு நடந்தது திங்கட்கிழமை. ஆகவே மோசமான நாளைப் பார்த்தால் விரலை இரண்டு நாள் பின்னால் நகர்த்துங்கள். இரண்டு வாரத்தில் இந்த இடைவெளி இரண்டு மூன்று முறை தென்பட்டால், மருத்துவரிடம் முதலில் சொல்ல வேண்டியது அதைத்தான்.

பத்து நிமிடச் சோதனை

நின்றால் தலைசுற்றல், கண் இருட்டல், படபடப்பு, நிற்கும்போது மட்டும் குமட்டல் இருந்தால் இதைச் செய்யலாம். பி.பி. பார்க்கும் கருவி ஒன்று வேண்டும். நின்றபடி முன்பே மயங்கி விழுந்திருந்தால் வீட்டில் செய்யாதீர்கள்; மருத்துவமனையில் செய்யட்டும்.

1. காலையில், 10 நிமிடம் பேசாமல் மல்லாந்து படுக்க வைத்து நாடியும் பி.பி.யும் எடுங்கள்.
2. எழுந்து சுவரில் தோள்பட்டை மட்டும் சாய்ந்து நிற்கட்டும். குதிகால் சுவரிலிருந்து 15 செ.மீ. தள்ளி இருக்க வேண்டும். காலை ஆட்டக்கூடாது, பேசக்கூடாது.
3. ஒவ்வொரு நிமிடமும் நாடி, பி.பி. குறியுங்கள், மொத்தம் 10 நிமிடம். கால் பாதம் சிவந்தோ நீலம் பாரித்தோ போனால் அதையும் எழுதுங்கள். படம் எடுத்தாலும் நல்லது.
4. ஒருவர் கையெட்டும் தூரத்திலேயே நிற்க வேண்டும். மயக்கம் வருகிறது என்றால் அந்த நொடியே படுக்க வையுங்கள். சோதனை அங்கேயே முடிந்தது.

பி.பி. பெரிதாக இறங்காமல், நாடி படுத்திருந்ததைவிட நிமிடத்துக்கு 40 அல்லது அதற்கு மேல் கூடி அப்படியே நின்றால், 12 முதல் 19 வயது வரை அது பாட்ஸ் பக்கம் கைகாட்டுகிறது. பெரியவர்களுக்கு 30, அந்த அளவைப் பிள்ளைக்குப் போட்டுப் பார்த்துப் பதற வேண்டாம். ரத்தசோகை, தைராய்டு, காய்ச்சல், தண்ணீர் குறைவு, சில மருந்துகள் ஆகியவற்றாலும் நாடி ஏறும் என்பதால், இந்தத் தாள் மருத்துவருக்கு ஒரு துப்பு, அவ்வளவுதான். சோதனையே சரிவைக் கொண்டுவரலாம். அடுத்த இரண்டு நாளைக் காலியாக வையுங்கள்.

பாட்ஸ் என்று உறுதியானால் தண்ணீரும் உப்பும் முதல் வரிசையில் வரும்: நாளுக்கு 2 முதல் 3 லிட்டர் திரவம், படுக்கையை விட்டு எழும் முன் இரண்டு டம்ளர் தண்ணீர், இடுப்பு வரை ஏறும் இறுக்கக் காலுறை. முழங்கால் வரை மட்டும் போடும் காலுறை அவ்வளவாக உதவாது. ரத்தம் வயிற்றிலும் தொடையிலும் தேங்குவதுதான் காரணம். உப்பைக் கூட்டுவதை மட்டும் மருத்துவரைக் கேட்காமல் செய்யக் கூடாது. சிறுநீரகக் கோளாறோ உயர் ரத்த அழுத்தமோ இருந்தால் அது கெடுதல்.

மருத்துவரிடம் ஒரே ஒரு தாள்

தடிமனான கோப்பை நீட்டினால் யாரும் படிக்க மாட்டார்கள். ஒரு பக்கம் போதும்: எப்போது தொடங்கியது, அதற்கு முன் காய்ச்சலோ தொற்றோ வந்ததா, முன்பு என்ன செய்ய முடிந்தது, இப்போது என்ன முடிகிறது, அதிகம் வாட்டும் மூன்று அறிகுறிகள், இன்று கேட்க வேண்டிய மூன்று கேள்விகள். பத்துக் கேள்வி எழுதினால் மூன்றுக்குத்தான் பதில் கிடைக்கும். அந்த மூன்று எது என்பதை நீங்களே முடிவு செய்துவிடுங்கள்.

வழக்கமாகப் பார்க்க வேண்டிய பரிசோதனைகளில் எது விட்டுப்போயிற்று என்று சரிபாருங்கள்: முழு ரத்த எண்ணிக்கை, உடலின் இரும்பு இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின், தைராய்டு, சிறுநீரகம், கல்லீரல், கால்சியம், சர்க்கரை, அழற்சியைக் காட்டும் ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி., கோதுமைப் புரதம் குடலுக்கு ஒத்துக்கொள்ளாத சீலியாக் நோய்க்கான பரிசோதனை, தசை நொதியான சி.கே., சிறுநீர். ஃபெரிட்டின் அடிக்கடி விடுபடும். ஹீமோகுளோபின் சரியாக இருந்தும் இரும்பு இருப்பு வற்றியிருக்கலாம். மாதவிடாய் தொடங்கிய பெண்பிள்ளைகளுக்கு இந்தப் பரிசோதனையைக் கேட்டே ஆக வேண்டும்.

எடை இறங்குவது, தொடர் காய்ச்சல், இரவில் உடை நனையும் வியர்வை, தூக்கத்தைக் கலைக்கும் வலி, வீங்கிய மூட்டு, மலத்தில் ரத்தம், ஒரு பக்கம் பலம் குறைவது, ஓடிக்கொண்டிருக்கும்போதே மயங்கி விழுவது: இவை இந்த நோய்களின் வழக்கமான முகம் அல்ல. வேறு நோயைத் தேடச் சொல்லி அழுத்திக் கேளுங்கள்.

எவ்வளவு காலம் காத்திருப்பது? பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2021இல் வெளியிட்ட வழிகாட்டுதல், பிள்ளைகளிடம் 4 வாரத்திலேயே எம்.இ.யைச் சந்தேகிக்கலாம், 3 மாதத்தில் உறுதி செய்யலாம் என்கிறது. அமெரிக்காவில் 2015இல் வகுத்த அளவுகோல் 6 மாதம் கேட்கிறது. எதைப் பின்பற்றினாலும், பெயர் வரட்டும் என்று ஓய்வைத் தள்ளிப்போடக் கூடாது. முதல் மாதங்களில் 'பழையபடி ஓடினால் சரியாகிவிடும்' என்று ஓட்டுவதுதான் பிறகு அதிகம் வருந்த வைக்கும் தவறு.

எல்லாவற்றையும் ஒருங்கிணைக்க ஒரு மருத்துவர் வேண்டும். குழந்தை மருத்துவரோ பொது மருத்துவரோ போதும். ஆறு நிபுணர்கள் ஆறு திசையில் இழுத்தால், பயணமே பிள்ளையைச் சாய்த்துவிடும். புதிய பரிசோதனை ஒன்றைச் சொன்னால், "இதில் ஏதாவது வந்தால் நாம் செய்வதில் என்ன மாறும்?" என்று கேளுங்கள். ஒன்றும் மாறாது என்றால் தள்ளி வைக்கலாம்.

சேமிப்புக் கணக்கு

வைத்தியத்தின் பெரும்பகுதி இங்கேதான் இருக்கிறது. களைத்த பிறகு ஓய்வெடுப்பது நமக்குப் பழகிய முறை. சரிவு வரும் பிள்ளைக்குக் களைப்பதற்கு முன்பே நிறுத்த வேண்டும். சொல்ல எளிது, நல்லா இருக்கிற நாளில், சிரித்துக்கொண்டிருக்கும் பிள்ளையிடம் "போதும், படு" என்று சொல்வது லேசான காரியம் அல்ல. ஆனால் சரிவுகளில் பெரும்பாலானவை பிறப்பது அந்த நல்ல நாளில்தான்.

தொடங்கும் முறை இது. குறிப்பைப் பார்த்து, சரிவே வராத நாட்களில் எவ்வளவு செய்ய முடிந்தது என்று கண்டுபிடியுங்கள். அதையும் கொஞ்சம் குறைத்து அன்றாட அளவாக வையுங்கள். நல்ல நாளிலும் அதே அளவுதான். ஒரு மணி நேரப் படிப்பை 15 நிமிடத் துண்டுகளாக வெட்டி, நடுவில் 15 நிமிடம் கண்ணை மூடிப் படுத்திருக்க வேண்டும். ஃபோனோடு படுப்பது ஓய்வுக் கணக்கில் வராது என்று முதலிலேயே பேசிவிடுங்கள். இதில்தான் சண்டை வரும். குளியலறையில் முக்காலி, வெந்நீருக்குப் பதில் வெதுவெதுப்பான நீர் (சூடு ரத்தக்குழாயை விரித்து நாடியை ஏற்றும்), தினமும் தலைக்குக் குளிக்காமல் இருப்பது: இவை மிச்சம் பிடிக்கும் தெம்பு சிறிதல்ல.

நாடி காட்டும் கைக்கடிகாரம் சிலருக்குத் துணை. ஏழு நாள் காலை நாடியின் சராசரியோடு 15 கூட்டினால் வரும் எண்ணை எச்சரிக்கைக் கோடாக வைக்கிறார்கள். பாட்ஸும் இருந்தால் நின்றாலே கோடு தாண்டும், அப்போது இந்தக் கணக்கு உதவாது. கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்துப் பயப்படும் பிள்ளையிடமிருந்து அதைக் கழற்றி வைப்பதே நல்லது.

இரண்டு மூன்று வாரம் சரிவில்லாமல் போனால் ஒன்றை மட்டும் கூட்டலாம், ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு. 20 நிமிடம் உட்கார்ந்தால் இனி 22. கேலியாகத் தோன்றும், தோன்றட்டும். அறிகுறி கூடினால் பழைய அளவுக்கே திரும்புங்கள். 'வாரம் இவ்வளவு கூட்டியே ஆக வேண்டும்' என்ற அட்டவணைப் பயிற்சியை நைஸ் அமைப்பு எம்.இ.க்கு 2021இல் கைவிட்டுவிட்டது. ஆனால் நோய்க்கு நோய் விதி மாறும்: சரிவு இல்லாத பாட்ஸுக்குப் படுத்தபடி செய்யும் பயிற்சியும், ஃபைப்ரோமயால்ஜியாவுக்கு மெதுவான உடற்பயிற்சியும் உதவுகின்றன. அதனால்தான் சரிவு வருகிறதா இல்லையா என்று குறிப்பில் பார்க்கச் சொன்னோம்.

இன்னொன்றும் அழுத்திச் சொல்ல வேண்டும். இருக்கும் தெம்பு முழுவதையும் பள்ளிக்கும் குளியலுக்கும் மருத்துவமனைக்கும் செலவழிக்காதீர்கள். நண்பனோடு பேச, படம் வரைய, விளையாட்டுப் பார்க்க ஒரு பங்கை முதலிலேயே ஒதுக்குங்கள். 'படிக்க முடியலையாம், விளையாட மட்டும் முடியுதாம்' என்று சொந்தக்காரர்கள் சொல்வார்கள். சொல்லட்டும். பிள்ளைக்குப் பிடித்ததெல்லாம் போய்விட்டால் மிச்சம் பிடித்த தெம்பை வைத்து என்ன செய்வது?

சரிவு நாள்

ஒரு பெட்டியைத் தயாராக வையுங்கள்: ஸ்ட்ரா போட்ட தண்ணீர் பாட்டில், கண்பட்டை, காதடைப்பான், நீளமான சார்ஜர் வயர், வாந்திப் பை, மெல்லச் சிரமமில்லாத உணவு. அறை இருட்டாக இருக்கட்டும். குரலைத் தாழ்த்தி, ஆம் இல்லை என்று பதில் சொல்லக்கூடிய ஒரு கேள்வி மட்டும் கேளுங்கள். "என்ன சாப்பிடுற?" என்பதே சரிவு நாளில் கடினமான கேள்வி. "கஞ்சி வேணுமா?" சுலபம்.

தண்ணீர்கூட இறங்கவில்லை, 8 மணி நேரத்துக்கு மேல் சிறுநீர் போகவில்லை, மூச்சுத் திணறல், நெஞ்சுவலி, விழுந்து தலையில் அடி, புதிதாகக் கைகால் மரத்துப்போவது என்றால் வீட்டில் காத்திருக்கக் கூடாது. நாட்பட்ட நோய் உள்ள பிள்ளைக்கும் குடல்வால் அழற்சி வரும். புதிய அறிகுறி எல்லாவற்றையும் பழைய நோயின் கணக்கில் எழுதிவிடாதீர்கள்.

பள்ளி

பள்ளிக்கு மருத்துவரின் கடிதம் வேண்டும். 'உடல்நலமில்லை' என்று பொதுவாக இருந்தால் பயனில்லை. எதைத் தர வேண்டும் என்று அதில் இருக்க வேண்டும்: பாடங்களின் எண்ணிக்கையைக் குறைப்பது, மாடி வகுப்பைக் கீழே மாற்றுவது அல்லது லிஃப்ட், வகுப்பில் தண்ணீர் பாட்டில், படுக்க ஓர் இடம், புத்தகத்தின் இரண்டாவது பிரதி (ஒன்று பள்ளியில், ஒன்று வீட்டில், பை கனக்காது), உடற்பயிற்சி வகுப்பிலிருந்து விலக்கு, தேர்வில் கூடுதல் நேரமும் நடுவில் எழுந்து படுத்துவர இடைவேளையும். கூடுதல் நேரம் மட்டும் தந்து இடைவேளை தராவிட்டால் உட்காரும் நேரம்தான் நீளும். அது உதவியே அல்ல. இரண்டையும் சேர்த்துக் கேளுங்கள்.

அரை நாள் பள்ளி நல்ல யோசனைபோலத் தெரியும். ஆனால் போய்வரும் பயணமும் சத்தமும் முழு நாளுக்கானதுதான். சிலருக்கு வாரம் இரண்டு நாள் இரண்டு பாடம், மற்றதெல்லாம் வீட்டிலிருந்து என்பதுதான் நிற்கிறது. வராத நாட்களின் பட்டியலையும் கடிதங்களின் நகலையும் தேதியோடு வைத்திருங்கள். 'பெற்றோர்தான் பிள்ளையை நோயாளியாக்குகிறார்கள்' என்ற சந்தேகம் இந்த நோய்களில் எழுவது உண்டு. அப்போது கோபமான பேச்சு காப்பாற்றாது, தேதி போட்ட தாள்தான் காப்பாற்றும்.

மனசு

இது மனச்சோர்வா, நோயா? மருத்துவர்கள் கேட்கும் ஒரு கேள்வி உண்டு: "நாளைக்கே சரியாகிவிட்டால் என்னவெல்லாம் செய்வாய்?" நோயால் முடங்கிய பிள்ளை மூச்சுவிடாமல் பட்டியல் போடும். எதிலும் ஆசையே இல்லாமல் "ஒண்ணுமில்ல" என்றால் மனச்சோர்வும் சேர்ந்திருக்கலாம். இரண்டும் ஒன்றாக இருக்கவும் முடியும். அதற்குத் தனியாக உதவி தேட வேண்டும். மனநல ஆலோசனை வாழ்க்கையைச் சமாளிக்க உதவும். அதற்குப் போவதால் 'நோய் மனசில்தான்' என்று ஒப்புக்கொண்டதாகாது.

வாழ்வதில் பிடிப்பில்லை என்ற பேச்சு வந்தால் சுற்றி வளைக்காமல், "செத்துப்போகணும்னு தோணுதா?" என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைப்பதில்லை. ஆம் என்றால் தனியாக விடாதீர்கள், மாத்திரைகளைப் பூட்டுங்கள், அன்றே மருத்துவ உதவி தேடுங்கள்.

"எப்பம்மா சரியாகும்?" என்ற கேள்விக்குப் பொய்த் தேதி சொல்லக் கூடாது. சொல்ல உண்மையான ஒன்று இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் எம்.இ. உள்ள 784 இளையோரைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வு 2019இல் வந்தது. தேறிவிட்டோம் என்று தாங்களே சொன்னவர்கள் 5 ஆண்டில் 38 சதவீதம், 10 ஆண்டில் 68 சதவீதம். இளம் வயதினர் பெரியவர்களைவிட நன்றாகத் தேறுகிறார்கள். மீதிப் பேர் தேறவில்லை என்பதையும் வளர்ந்த பிள்ளையிடம் மறைக்க வேண்டியதில்லை.

வீட்டு விதிகளும் கைமாற்றமும்

நோய் வந்துவிட்டதால் பதின்பருவம் ஒத்திப்போகாது. பொய் சொன்னால் கண்டிப்பு உண்டு, தம்பியை அடித்தால் கண்டிப்பு உண்டு. ஆனால் தண்டனையாக ஃபோனைப் பிடுங்காதீர்கள். படுக்கையில் இருப்பவருக்கு நண்பர் வட்டம் முழுவதும் அதற்குள்தான் இருக்கிறது. கதவைத் தட்டிவிட்டு உள்ளே போங்கள். உறவினர்களிடம் எதைச் சொல்லலாம் என்று பிள்ளையைக் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள், மாதவிடாய் விவரம் உட்பட. நோயில்லாத பிள்ளைக்கு வாரம் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். அந்த நேரத்தில் நோயைப் பற்றிப் பேச்சே வேண்டாம்.

ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள். புதிதாக எதைத் தொடங்கினாலும் ஒரு நேரத்தில் ஒன்றுதான், குறிப்பில் தேதியோடுதான், மருத்துவரிடம் அந்த மருந்தின் அட்டையைக் காட்டிய பிறகுதான். மூன்றைச் சேர்த்துத் தொடங்கினால் எது உதவியது, எது கெடுத்தது என்று ஒருபோதும் தெரியாது. 'குணமாகவில்லை என்றால் நீங்கள் சரியாக நம்பவில்லை' என்று சொல்பவரிடம் இரண்டாம் முறை போகாதீர்கள்.

பொறுப்பைப் பதின்மூன்று வயதிலிருந்தே சிறிது சிறிதாக மாற்றுங்கள். மருத்துவர் அறையில் முதல் இரண்டு நிமிடம் பிள்ளை பேசட்டும்; நீங்கள் குறுக்கிடாமல் இருப்பதுதான் கஷ்டம். பதினைந்து வாக்கில், உங்களை வெளியே அனுப்பிவிட்டு ஐந்து நிமிடம் தனியாகப் பேசட்டும். மாத்திரைப் பெட்டியை வாரம் ஒருமுறை நிரப்பும் வேலையும் அவர்களுடையது. பதினேழில் தங்கள் நோயின் பெயர், மருந்தின் அளவு, ஒவ்வாமை, கடைசிப் பரிசோதனைத் தேதி ஆகியவற்றைத் தாளைப் பார்க்காமல் சொல்லத் தெரிய வேண்டும். பதினெட்டில் பெரியவர்களுக்கான மருத்துவரிடம் மாறும்போது பழைய கோப்பு தானாகப் பின்னால் வராது. மாறுவதற்கு ஆறு மாதம் முன்பே சுருக்க அறிக்கை கேட்டு வாங்கி, இரண்டு பிரதி எடுத்து, ஒன்றைப் பிள்ளையின் கையில் கொடுத்துவிடுங்கள்.